பேசிக் கொடுக்கப் போன வேலை

நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள். தபால் வழியில் படித்தேன் என்பதை யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன். பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். அரியலூர் சாலைப் பக்கம் புதிதாக வந்திருந்த ஷூ கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சக ஆசிரியை ஒருத்தி சொன்னாள். அவளும் விண்ணப்பிக்கத்தான் நினைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் நான் விண்ணப்பித்துவிட்டேன்.

நேர்காணலில் சென்னைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதைத்தான் மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்திருந்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெளிநாட்டுக்காரங்களோட பேசிச் சமாளிப்பீங்களாம்மா?"

"கண்டிப்பா சார்."

அதற்கு முன் நான் வெளிநாட்டுக்காரர் யாரிடமும் பேசியதே கிடையாது. வேலை கிடைத்துவிட்டது.

கொத்தனார் வேலை பார்க்கும் என் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். "எம் பொண்ணு மத்தவங்க மாதிரி மெஷின்ல உக்காராது. வெளிநாட்டுக்காரங்க பேசுறத நம்ம ஆளுவளுக்குப் பேசிக் குடுக்கும்." நானும் அந்தப் பேச்சுக்கு ஏற்ற மாதிரி ஒரு தோள்பை வாங்கினேன். அதில் ஒரு அகராதி, ஒரு நோட்டு, மூன்று நிறங்களில் பேனா. கம்பெனி வேனில் மற்ற பெண்கள் சோற்று டப்பாவோடு நெருக்கியடித்து உட்கார, நான் முன் இருக்கையில் அகராதியோடு உட்கார்ந்து போனேன்.

ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற பிரிவில் என்னை விட்டார்கள். துணி ஒரு நாட்டிலிருந்து வந்தது, நூல் இன்னொரு நாட்டிலிருந்து, பசை வேறொன்றிலிருந்து. எல்லாம் கப்பலில் சென்னை வந்து, லாரியில் எங்கள் கரிசல் காட்டுக்குள் இறங்கியது. தைத்து முடித்த ஷூ அதே வழியில் திரும்பிக் கப்பலேறி, நாங்கள் வரைபடத்தில் மட்டும் பார்த்த ஊர்களுக்குப் போனது. மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் போன வருஷம் வரை பருத்தி எடுத்தவர்கள், மக்காச்சோளம் ஒடித்தவர்கள், சின்ன வெங்காயம் அரிந்தவர்கள். அவர்களுக்குத் தையல் கற்றுக்கொடுக்க வியட்நாமிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். என் தோள் உயரம்தான். கையில் எப்போதும் ஒரு வெந்நீர் குடுவை.

அவரோடு இரண்டு நிமிடம் பேசிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. 'நோ குட்', 'அகெய்ன்', 'ஓகே' என்று பத்து இருபது வார்த்தை இருந்தது. மற்றதெல்லாம் வியட்நாம் மொழி. எனக்கோ செய்வினை, செயப்பாட்டுவினை எல்லாம் தெரியும். அதை வைத்து என்ன செய்வது?

சென்னைக்காரரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தோள்பை வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த அம்மா முதல் வரிசைக்கு முன்னால் நின்று, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ச்சி" என்றார். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் பார்த்தேன். பிறகு அவர் செட்டிகுளம் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்காவின் மெஷினருகே வந்தார். அந்த அக்கா பெடலை ஒரே மிதியாக மிதித்துக்கொண்டிருந்தார். இவர் குனிந்து, தைத்ததைப் பார்த்து, "த்தூ த்தூ" என்றார். இன்னொரு முறை, அழுத்தமாக, "த்தூ த்தூ."

மெஷின் நின்றது.

"என்ன சொல்லுது டீச்சர் இது?" என்று செட்டிகுளத்து அக்கா என்னைக் கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. "தையல் அவங்களுக்குப் பிடிக்கல போலருக்குங்க. அதான் கொஞ்சம் கோவமா..." என்றேன்.

"கோவம்னா? காறித் துப்புவாங்களா?" அக்கா எழுந்துவிட்டார். "எங்க அம்மாவத்தான் காட்டுக்காரரு வரப்புல நிக்க வெச்சித் துப்புனாரு. அதெல்லாம் வேண்டாம்னுதானே இங்க வந்தோம்? ச்சீங்கிறா, த்தூங்கிறா. எவளுக்கு வேணும் இந்த வேலை?"

அவர் எழுந்ததும் பக்கத்து மெஷின்கள் நின்றன. அதற்கடுத்தவையும் நின்றன. நான் அகராதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். வியட்நாம் அம்மாவுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காலியாக இருந்த அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, பெடலை எறும்பை மிதிக்கப் பயப்படுகிறவர் மாதிரி மெல்ல மிதித்தார். ஊசி ஒவ்வொரு தையலாக இறங்கியது. இடது கையைத் தரையை நோக்கி அமர்த்திக் காட்டிக்கொண்டே, "த்தூ... த்தூ..." என்றார்.

செட்டிகுளத்து அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, மெதுவா மெதுவாங்குது அந்தம்மா," என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். "ஏன் டீச்சர், நீங்க என்னாத்தச் சொன்னீங்க?"

அன்று மதியம் செல்போனில் மொழிபெயர்க்கிற ஆப்பை இறக்கிக்கொண்டேன். 'ச்சி' என்றால் அவர்கள் மொழியில் அக்கா. தன்னை அக்கா என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் அது லைன் முழுக்கப் பரவி, "ச்சி, இங்க வாங்க", "ச்சி, இத பாருங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று செட்டிகுளத்து அக்கா முகத்தைச் சுளித்து நடித்துக் காட்ட, அந்த அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அத்தோடு நான் அடங்கியிருக்க வேண்டும். ஆனால் ஆப் கையில் வந்ததும் எனக்குத் தைரியம் திரும்பிவிட்டது.

தைக்கும்போது ஊசி உடைந்தால் என்ன செய்வது என்று ஒரு நாள் பாடம் எடுத்தார். உடைந்த ஊசியைக் காட்டினார். குப்பைக் கூடையில் போடுவது போல் கையைக் கொண்டுபோனார். நான் அந்த இடத்திலேயே குனிந்து சிவப்புப் பேனாவில் எழுத ஆரம்பித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் தலையை ஆட்டி, கையை வீசி, "கோம், கோம்" என்று சொன்னது காதில் விழுந்தது. ஆனால் பேனாவைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து அறிவித்தேன்: "ஊசி ஒடைஞ்சா கூடையில போட்டுட்டு வேற மாத்திக்கிட்டுத் தையிங்க."

'கோம்' என்றால் கூடாது. உடைந்த ஊசியின் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து, ஒரு தாளில் ஒட்டி, முழு ஊசி கணக்கானால்தான் வேறு ஊசி தருவார்கள். ஒரு துண்டு ஷூவுக்குள் தங்கினால் எங்கேயோ ஒரு குழந்தையின் காலில் ஏறும். உலகம் முழுக்க ஷூ கம்பெனிகளில் இதுதான் முதல் பாடமாம். எங்கள் லைனில் மட்டும் இரண்டு நாள் அதற்கு நேர் எதிரான பாடம் நடந்தது.

மூன்றாம் நாள் பேக்கிங்கில் இரும்பு கண்டுபிடிக்கிற மெஷின் கத்தியது. ஒரு ஷூவின் பஞ்சுக்குள் அரை ஊசி. எங்கள் லைனை நிறுத்தினார்கள். கட்டி அடுக்கிய பெட்டிகளையெல்லாம் பிரிக்கச் சொன்னார்கள். தைவான்காரரான தள மேலாளர் இறங்கி வந்து, இந்தப் பெண்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அது எனக்கு நன்றாகப் புரிந்த ஆங்கிலம்.

லைனில் இருந்த முப்பது பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

அரை ஊசி கிடைத்துவிட்டது. முனையைக் காணோம். அது கிடைக்கும்வரை லைன் ஓடாது. எல்லாரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம். வியட்நாம் அம்மா ஒரு கோலில் காந்தத்தைக் கட்டி, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்தார். மெஷின்களுக்கு அடியில், நாற்காலிகளுக்கு அடியில், நான் நின்ற இடம் வரை வந்து, என் வலது காலருகே நின்றார். காலைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார். தூக்கினேன். செருப்பின் அடியில் ஊசிமுனை குத்தி நின்றது. இரண்டு நாளாக நோட்டும் கையுமாக மேற்பார்வை பார்த்து நடந்ததில் அதையும் சேர்த்துச் சுமந்து திரிந்திருக்கிறேன்.

செட்டிகுளத்து அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

மறுநாள் எனக்குச் சீட்டு கிழியும் என்று பயந்துகொண்டே போனேன். ஒன்றும் நடக்கவில்லை. விசாரித்தபோது, தான் சரியாக விளக்கவில்லை, தவறு தன்னுடையது என்று அந்த அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதாகச் சென்னைக்காரர் சொன்னார். ஒன்றரைப் பக்கம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன் என்பதில் ஆரம்பித்து, என்றும் நன்றி மறவாத என்பதில் முடியும் கடிதம். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓகே, ஓகே" என்று என் கன்னத்தைத் தட்டினார். பிற்பாடு பார்த்தேன். அவர் மேஜையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் என் கடிதத்தை நான்காக மடித்துச் செருகியிருந்தார். மேஜை அதன்பிறகு ஆடவில்லை.

கடன்பட்ட மாதிரி இருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை லப்பைக்குடிக்காட்டுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. சாம்பாரைப் பார்த்தாலே கும்பிடுவார். லப்பைக்குடிக்காட்டுக் கடைகளில் வெளிநாட்டுச் சாமான் கிடைக்கும், அங்கே என் ஆங்கிலமும் உதவும் என்று கணக்குப் போட்டேன்.

கடைக்கார பாய் பதினைந்து வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். நான் வாய் திறந்து, இந்த அம்மையார் தேடுவது என்னவென்றால் என்று ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, அவர் என்னைத் தாண்டி அந்த அம்மாவிடம், "சிஸ்டர், ஃபிஷ் சாஸ் நோ. சில்லி சாஸ் ஹேவ். நூடுல்ஸ் ஹேவ். ரைஸ் பேப்பர், நெக்ஸ்ட் மன்த், மை சன் பிரிங்," என்றார்.

"ஓ, ஹேவ்! ஹேவ்!" என்று அந்த அம்மா கைதட்டினார். இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். பாய்க்கு வியட்நாம்காரர் ஒருவரோடு ஒரே ரூமில் இருந்த அனுபவமாம். "மாஷா அல்லாஹ், நல்ல மனுசங்க. நாங்க ரெண்டு பேரும் இப்டித்தான் பேசிப்போம்," என்றார் என்னிடம். பிறகு மரியாதைக்காக, "நீங்க என்ன பண்றீங்கம்மா?" என்று கேட்டார். "கூட வந்தேங்க," என்றேன்.

திரும்பி வர பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வேர்க்கடலை வாங்கிக்கொடுத்தேன். அவர் போனை வாயருகே வைத்துப் பேச, ஆப் ஓர் ஆண் குரலில் தமிழில் சொன்னது:

"என் கிராமம் முன்பு அரிசியாக இருந்தது. இப்போது காலணியாக இருக்கிறது."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பத்தொன்பது வயதில் வயலிலிருந்து நேராகக் கம்பெனிக்குப் போயிருக்கிறார். சீனாவிலிருந்து ஒரு அம்மா தைக்கச் சொல்லிக்கொடுக்க வந்தாராம். ஒரு நாள் கழிப்பறையில் அவர் அழுதுகொண்டிருந்ததை இவர் பார்த்தாராம். சீனாவில் சம்பளம் ஏறிவிட்டதால் ஆர்டரையெல்லாம் வியட்நாமுக்கு மாற்றிவிட்டு, அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிக்கொண்டிருந்தார்கள். அது அப்போது இவருக்குப் புரியவில்லை. இப்போது வியட்நாமிலும் சம்பளம் ஏறிவிட்டது. இவருடைய கம்பெனியில் இரண்டு லைனை நிறுத்தினார்கள். இந்தியாவுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கச் சம்மதிப்பவர்களுக்கு வேலை இருக்கும் என்றார்கள். மகன் கல்லூரியில் படிக்கிறான். சம்மதித்துவிட்டார்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் ஒரு கட்டுரை சொல்லிக்கொடுப்பேன். உலகமயமாதல், நன்மை ஐந்து, தீமை ஐந்து, முடிவுரை. பத்துக்குப் பத்து வாங்க வேண்டுமானால் தலைப்புகளுக்கு அடிக்கோடு போடச் சொல்வேன். அந்த உலகமயமாதல் என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் ஞாபகம் வரவில்லை.

"எங்க மேல கோவமா?" என்று போனில் கேட்டேன். அது என்னவென்று மாற்றிச் சொன்னதோ, அந்த அம்மா சிரித்தார். பிறகு யோசித்து ஏதோ சொன்னார்.

"கோபம் இல்லை. உன் அக்காவின் கை நல்ல கை," என்றது ஆப்.

செட்டிகுளத்து அக்காவைத்தான் சொன்னார். அது உண்மைதான். வெங்காயம் அரிந்து பழகிய விரல்கள். நான்கு மாதத்தில் அந்த லைனிலேயே வேகமாக, கோணாமல் தைத்தது அவர்தான். போன வருஷம் வரை அவரை வேலைக்குக் கூப்பிட்ட காட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமையாவது வெங்காயத்துக்கு வரக்கூடாதா என்று வீட்டு வாசலில் வந்து நின்றாராம். "உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்கன்னேன். உக்காந்து குடிச்சிட்டுத்தான் போனாரு," என்று வேனில் வரும்போது சொன்னார். வேலைக்குப் போனாரா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம எனக்கும் தூக்கம் வருமில்ல?" என்றார்.

ஒன்பதாம் மாதம் அந்த அம்மா கிளம்பினார். இந்தோனேசியாவில் இன்னொரு புதுக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள் என்றார்கள். வழியனுப்பு விழாவில் நான்தான் பேச வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். இரக்கப்பட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். தைவான்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா என் குரல் உயர்ந்தபோதெல்லாம் தலையாட்டினார்.

நான் முடித்ததும் செட்டிகுளத்து அக்கா முன்னால் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ச்சி, பத்திரமா போங்க. அங்க போயி நல்லா சாப்புடுங்க. த்தூ த்தூ சொன்னீங்கன்னா அவளுங்களும் சண்டைக்கி வருவாளுங்க, பாத்துக்கங்க," என்றார். அந்த அம்மாவுக்குப் புரிந்தது 'ச்சி'யும் 'த்தூ த்தூ'வும் 'சாப்புடுங்க'வும்தான். அதற்கே அழுதுவிட்டார். அக்காவும் அழுதார். நான் என் பேச்சை மடித்துத் தோள்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சென்னைக்காரர் கூப்பிட்டார். பயிற்சி கொடுக்க வந்தவர்கள் போய்விட்டதால் மொழிபெயர்ப்பாளர் பணியிடம் இனி இல்லை என்றார். எனக்கே சந்தேகமாக இருந்த பணியிடம் அது. வேண்டுமானால் தையல் பிரிவில் சேர்ந்துகொள்ளலாம், சம்பளம் கொஞ்சம் குறையும் என்றார். பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். என் இடத்தில், முன்பு விண்ணப்பிக்க நினைத்த அதே ஆசிரியை உட்கார்ந்திருந்தாள். குறைந்த சம்பளமும் பள்ளிக்கூடத்துச் சம்பளத்தைவிடக் கூடத்தான் இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

லைன் லீடர் செட்டிகுளத்து அக்கா. முதல் நாள் நான் தைத்த துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "டீச்சர், இது ஷூவா, இல்ல கோணிப்பையா?" என்றார். பிரித்துத் தைத்தேன். மறுபடி பிரித்தேன். எம்.ஏ.வுக்குக்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

இரண்டு மாதம் முன்பு அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் வெளிநாட்டில் ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். கடைசியாக என் படிப்புக்கு ஒரு வேலை! செல்போனில் ஒவ்வொரு கட்டமாக, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பினேன். அக்கா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் அப்பா பெயரையும், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அக்கா பெயரையும் போட்டிருக்கிறேன். திருச்சி பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனவரைத் திருத்தி எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அரை நாள் லீவும் பஸ் காசும் வீண்.

இரண்டாம் முறை நானும் கூடப் போனேன். ஏதாவது ஆங்கிலத்தில் கேட்டால் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். வாசலில் காவலாளி என்னைத் தடுத்தார்.

"அப்ளிகேஷன் போட்டவங்க மட்டும்தான் உள்ள போகலாம். நீங்க யாரும்மா அவங்களுக்கு?"

டீச்சர் என்று சொல்லலாமா, மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "நம்ம லைன்ல வேலை செய்யுதுங்க. புது ஆளு. கை இன்னும் வரல. கோச்சிக்காம ஓரமா உக்கார வைங்க, வெயிலா இருக்கு."

காவலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அக்கா முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். உள்ளே எல்லாம் தமிழில்தான் கேட்டார்களாம்.